நூறு கிலோ பெல்ட்

முக்காலம்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொன்னதைச் சொன்னபடியே கேட்கிறவர்களை முட்டாள் என்றால், பிறகு நல்லவர்கள் என்று யாரைச் சொல்வது?

அந்த ஊர் திருமூர்த்திக்குக் கல்யாணம். காலை ஒன்பது மணியோடு முகூர்த்தம் முடிகிறது. ஏழே முக்காலுக்குத்தான் பந்தலில் தென்னம்பாளை கட்டவில்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். பாளைக்குக் கீழே நின்றுதான் தாலி கட்ட வேண்டும், அது அவர்கள் வழக்கம். பெண்ணின் அப்பா குழந்தைவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒம்பது தாண்டுச்சுன்னா பொண்ணக் கூட்டீட்டுப் போயிட்டே இருப்பேனுங்க" என்றார்.

பக்கத்துத் தோட்டத்தில் பாளைவிட்ட மரம் நின்றது. மரம் ஏற பெல்ட்டும் இருந்தது. போன மாதம்தான் ஒரு கம்பெனிக்காரர் வந்து மூன்று பேருக்குப் பயிற்சி கொடுத்து, இடுப்பையும் மரத்தையும் சேர்த்துக் கட்டுகிற பெல்ட் ஒன்றையும், விதிமுறை அச்சடித்த தாளையும் தந்துவிட்டுப் போயிருந்தார். பயிற்சியில் ஆறுச்சாமியும் மயில்சாமியும் தூங்கிவிட்டார்கள். அதனால் சான்றிதழ் திருமூர்த்திக்கு மட்டும் கிடைத்தது. சான்றிதழ் பெற்றவரே ஏற வேண்டும் என்று தாளின் முதல் வரி சொன்னது. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஆறுச்சாமி இரண்டாவது வரியை வாசித்தார். "இந்த பெல்ட் நூறு கிலோ எடைக்காகச் செய்யப்பட்டது. இதில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது."

மாப்பிள்ளையைக் கொப்பரை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு கிலோ இருந்தார்.

"பாதி ஆளுதானே இருக்குது, பெல்ட்டயும் பாதியா அறுத்துருவோம்" என்று ஆறுச்சாமி அரிவாளை எடுத்தார்.

மயில்சாமி குறுக்கே வந்து நின்றார். அவர் குறுக்கே நின்றால் சுற்றிக்கொண்டு போக நேரமாகும், அப்படியொரு உடம்பு.

"கம்பெனிக்காரரு படிச்சவருங்க. அவரு செஞ்ச பொருள்ல நாம கை வெக்கக் கூடாது."

"அப்ப கணக்குல நாப்பத்தெட்டு கிலோ ஒதைக்குதே, அதுக்கென்ன வழி?"

"பெல்ட்டத்தான் மாத்தக் கூடாதுங்க. ஆள மாத்தக் கூடாதுன்னு எங்கியும் போடலீங்களே."

ஆறுச்சாமி தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். போடவில்லைதான்.

சமையல் கொட்டகையிலிருந்து ஐம்பது கிலோ அரிசி மூட்டை வந்தது. இரண்டு கிலோவை நேர்மையாக அள்ளி வெளியே வைத்துவிட்டு, மிச்சத்தை மாப்பிள்ளையின் முதுகில் கட்டி, பெல்ட்டால் அவரை மரத்தோடு சேர்த்து மாட்டினார்கள். அப்புறம் இருவரும் கீழிருந்து தோள்கொடுத்துத் தள்ள, மாப்பிள்ளை ஒரு முழம் ஏறினார்.

ஏறும்போது கீழே பார்க்கக் கூடாது என்பது மூன்றாவது வரி. திருமூர்த்தி பாளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூட்டை அவரை மெல்ல மெல்லக் கீழே இழுத்து, கால் இரண்டையும் தரையில் கொண்டுவந்து வைத்தது. அவர் கீழே பார்க்காததால் இது அவருக்குத் தெரியாது. கையும் தோளும் தம் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தன.

மற்ற இருவருக்கும் கண் தெரியும். ஆனால் இறங்கியதும் மூன்று முறை விசில் அடிக்க வேண்டும் என்பது நான்காவது வரி. விசில் இன்னும் கேட்கவில்லை.

எட்டு ஐம்பதுக்கு அரிசியைத் தேடிக்கொண்டு சமையல்காரர் வந்தார். அவர் பின்னால் குழந்தைவேல், அவர் பின்னால் மாலையும் கழுத்துமாகக் கல்யாணப் பெண் கோகிலவாணி.

"மாப்பிள்ள எங்கீங்க?" என்றார் குழந்தைவேல்.

"மேல இருக்கறாருங்க" என்றார் ஆறுச்சாமி, எதிரே நின்ற மாப்பிள்ளையைக் காட்டி.

கோகிலவாணி குனிந்து பார்த்தாள். "கால் தரையிலதானுங்களே இருக்குது?"

"கால் இருக்கலாமுங்க அம்மிணி. ஆளு இன்னும் எறங்கலீங்க" என்றார் ஆறுச்சாமி.

"அம்மிணி, பேச்சுக் குடுக்காதீங்க, எனக்குத் தலை சுத்துது" என்றார் மாப்பிள்ளை, பாளையைப் பார்த்தபடியே.

சமையல்காரர் மூட்டையில் கைவைத்தார். மயில்சாமி அலறிவிட்டார். "அத எடுத்தீங்கன்னா பெல்ட் நிக்காதுங்க. மாப்பிள்ள விழுந்துருவாரு."

"எங்க விழுவாரு?"

"கீழதானுங்க."

எல்லோரும் மாப்பிள்ளையின் காலடியைக் கவலையோடு பார்த்தார்கள். மணி எட்டு ஐம்பத்தைந்து. குழந்தைவேல் வண்டிக்காரரைக் கூப்பிட்டார்.

கோகிலவாணி அப்பாவைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவளுக்கு இது மூன்றாவது முகூர்த்தம். முதல் இரண்டும் வேறு வேறு காரணத்தால் நின்றுபோனவை. வண்டியில் திரும்பிப் போக இனி அவளுக்குத் தெம்பில்லை.

"நான் நாப்பத்தெட்டு கிலோதானுங்க" என்றாள். "பாளையும் தலைக்கு மேலதானே இருக்குது. தாலிய இங்கியே கொண்டாங்க."

மயில்சாமி தராசைக் கொண்டுவந்து சரிபார்த்தார். மாலையைக் கழற்றிவிட்டு நிறுத்தால் நாற்பத்தெட்டேதான். அரிசி மூட்டையை இறக்கிச் சமையலுக்குக் கொடுத்த அதே நொடியில் கோகிலவாணி பெல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் புகுந்து நின்றாள். நூறு கிலோ ஆனதும் ஆறுச்சாமி தலையசைக்க, ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருக்கையில் திருமூர்த்தி தாலி கட்டினார். அட்சதை போட மட்டும் மயில்சாமி விடவில்லை. எடை கூடிவிடுமாம்.

நாதஸ்வரக்காரர் தூரத்தில் நின்று மூன்று முறை இழுத்து ஊதினார்.

"மூணு விசில் ஆச்சுங்க" என்று திருமூர்த்தி வலது காலைத் தூக்கி, அதே இடத்தில் வைத்தார். "எறங்கீட்டேன்." ஊரே கைதட்டியது.

அன்றிலிருந்து முக்காலம்பாளையத்தில் ஜாதகம் பார்க்கும் வழக்கம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து சரியாக நூறு கிலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான் பொருத்தம். எல்லோருக்கும் வரன் அமைந்துவிட்டது, மயில்சாமிக்குத்தான் இழுத்துக்கொண்டே போகிறது. அவர் தனியாகவே நூற்று நான்கு கிலோ. மைனஸ் நான்கு கிலோவில் நல்ல பெண் இருந்தால் உடனே சொல்லியனுப்பச் சொன்னார்கள்.