கொள்ளுச்சாறு காய்ச்சிய பூதியார்

காஞ்சி ஆற்றின் வடகரையில் இருந்த கரையூரில், நாட்டுத் தலைவனின் குதிரை லாயத்தில் சாணம் வாரிப் பிழைத்தவர் பூதியார். அவருடைய கணவர் சாத்தனார் அதே லாயத்தில் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுபவர். இருவருக்கும் கூலியாகக் கொள்ளு அளந்தார்கள். குதிரைக்குப் போட்டது போக மீதி எது இருந்ததோ, அதுதான் அவர்கள் வீட்டுச் சோறு.

அந்தக் கொள்ளைக் கொண்டு பூதியார் ஊர்க் கோயிலில் இருந்த கரையீசருக்குத் தொண்டு செய்தார். ஊறவைத்த கொள்ளைக் கல் நீங்க அரித்து, மண்பானையில் இட்டு, வறட்டித் தீயில் நெடுநேரம் வேகவிடுவார். வெந்ததில் பாதியை மத்தால் கடைந்து, மறுபாதியை முழுசாகவே விட்டுவிடுவார். புளியும் உப்பும் சேர்த்து, மிளகும் சீரகமும் நுணுக்கிப் போட்டு இறக்கினால், அகப்பையை நிறுத்தி வைக்கும்படி சாறு கெட்டியாக இருக்கும். முதல் அகப்பையை மாடவிளக்கின் முன் வைத்துக் கரையீசரை நினைப்பார். பிறகு வாசலில் நின்று, வழிப்போக்கரோ அடியாரோ, பசித்து வந்தவருக்கு வார்ப்பார். அதன் பின்தான் கணவனும் மனைவியும் உண்பார்கள்.

ஒரு திருவாதிரை நாளில், தாம் காய்ச்சிய சாற்றை ஈசருக்கே படைக்க வேண்டும் என்னும் ஆசை அவருக்கு வந்தது. புதுப்பானையில் எடுத்துக்கொண்டு கோயில் மடைப்பள்ளி வாசலுக்குப் போனார். மடைப்பள்ளிக்குத் தலைவராக இருந்தவர் ஐயாறனார். கைமணம் மிக்கவர், வாய்த் துடுக்கும் மிக்கவர்.

"என்ன அம்மிணி அது?" என்று கேட்டார்.

"கொள்ளுச்சாறுங்க. சாமிக்கு."

ஐயாறனார் உரக்கச் சிரித்தார். "குதிரைத் தீனியைக் கொண்டாந்து சாமிக்குங்கறயே! ஈசர் என்ன லாயத்துலயா கட்டிக் கெடக்கறாரு?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பூதியார் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினார். வழியில் கல் தச்சர்கள் பசியோடு உட்கார்ந்திருக்கக் கண்டு, அவர்களுக்கு வார்த்துவிட்டு வீடு வந்தார். அன்று முதல் ஊரார் அவரைக் 'குதிரைத்தீனிக்காரி' என்றே அழைத்தார்கள். திருவிழாதோறும் ஐயாறனார் அந்தக் கதையைப் புதிதாகச் சொல்லிச் சிரிக்க வைப்பார். பூதியார் அதையெல்லாம் காதில் வாங்காதவர்போல் நடப்பார்.

பின்னொரு நாள் மிரண்ட குதிரை ஒன்று உதைத்ததில் சாத்தனார் மாண்டார். கணவரை எரித்துவிட்டு வந்த அன்றும் பூதியார் அடுப்பை மூட்டினார். "இன்னிக்குமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, "பசிச்சவங்களுக்கு என் துக்கம் தெரியுமாக்கா?" என்றார். இத்தனை பொறுமை உடையவரா என்று ஊரே வியந்தது. தம்மிடம் பொறுமை குறையும் நாள் ஒன்று வரும் என்று பூதியாரும் நினைத்திருக்கவில்லை.

காலம் ஐயாறனாரைக் கீழே தள்ளியது. அவர் கண்கள் மங்கின. அரிசியில் கல்லும், பருப்பில் புழுவும் அவருக்குத் தெரியாமல் போயின. மடைப்பள்ளியை வேறொருவரிடம் கொடுத்தார்கள். பிள்ளை குட்டி இல்லாதவர், கையேந்திப் பழகாதவர். தெரிந்தவர் வீடுகளுக்குப் போக வெட்கப்பட்டுப் பட்டினி கிடந்தார்.

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு பகல். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, சுவரைத் தடவியபடி ஒருவர் பூதியார் வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, பசிக்குதுங்க. கொஞ்சம் சாறு இருந்தா ஊத்துங்க."

குரலைக் கேட்டதும் யாரென்று பூதியாருக்குத் தெரிந்துவிட்டது. கலயத்தை எடுக்கக் கை நீண்டது. அதற்கு முன்னே வாய் சொல்லிவிட்டது.

"குதிரைத் தீனிதானுங்க இருக்குது. உங்க வாய்க்கு ஆகுமுங்களா?"

அந்தச் சொல் இத்தனை ஆண்டுகளாக எங்கே கிடந்ததென்று அவருக்கே தெரியாது. சொன்னவர் உள்ளே திரும்பி, பானையின் அடியிலிருந்து கெட்டியாகவே கலயம் நிறைய வார்த்து, ஆவி பறக்க எடுத்து வந்தார். வாசலில் மழைதான் இருந்தது.

"ஐயா! ஐயாறனாரே!" என்று கூவிக்கொண்டு தெருத் தெருவாக ஓடினார். மழை நீர் கலயத்தில் விழுந்து சாறு நீர்த்துப் போயிற்று. துறையருகே ஓடக்காரர் ஒருவர், தலை போர்த்திய ஆள் ஆற்றுப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். வெள்ளம் துறையை மூடியிருந்தது. கரை எது, ஆறு எது என்று கண் மங்கியவருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் கீழ்த்துறை மணலில் ஐயாறனாரின் உடலை எடுத்தார்கள்.

ஊரார் பூதியாரைத் தேற்றினார்கள். "அந்த ஆளு உன்ன எத்தன பேச்சுப் பேசியிருப்பான்? நீ ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்றார்கள்.

"அவரு நான் வயிறு நெறஞ்சு நிக்கறப்பப் பேசினாருங்க. நான் அவரு பசிச்சு நிக்கறப்பப் பேசிப்போட்டேன்" என்று சொல்லி அழுதார் பூதியார்.

அதன்பின் அவர் வாசலில் நின்று யாரையும் எதிர்பார்க்கவில்லை. பானையைத் தாமே தலையில் சுமந்து, துறையிலும் சத்திரத்திலும் சந்தைமேட்டிலும் பசித்த முகங்களைத் தேடிப் போனார். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் வார்த்தார். கேலி பேசுபவனைக் கண்டால் அவனுக்கு முதலில் வார்த்தார். கோயிலுக்குள் மட்டும் நுழையவில்லை. கோபுரத்துக்கு வெளியே நின்று, "பசிச்சவரத் தொரத்துன வாயிங்க இது. இத வெச்சு உங்க பேரச் சொல்லக் கூசுதுங்க" என்று நெஞ்சுக்குள் மட்டும் ஈசரின் பெயரைச் சொல்லித் தொழுதுவிட்டுப் போவார். இப்படியே அவருக்கு முதுமை வந்தது.

ஒரு நாள் காலைப் பூசைக்காக ஈசான குருக்கள் கருவறைக் கதவைத் திறந்தார். விளக்கைத் தூண்டும்போது உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"பூதியின் அடுப்பு இன்னும் எரியவில்லை. எமக்குப் பசிக்கிறது."

குருக்கள் ஈர வேட்டியோடு லாயத்துத் தெருவுக்கு ஓடினார். பூதியார் அடுப்பருகே காய்ச்சலில் கிடந்தார். பானையில் கொள்ளு ஊறியபடி இருந்தது.

"சாமி! நீங்க இங்க வரலாமுங்களா?" என்று எழ முயன்றார்.

"அம்மா, ஈசர்தான் அனுப்பினார். உங்க அடுப்பு எரியலையாம். அவருக்குப் பசிக்குதாம்."

பூதியாருக்குக் கண்ணீர் காதோரம் வழிந்தது. "அப்படின்னா மொதல்ல அடுப்பப் பத்த வையுங்க சாமி" என்றார்.

குருக்கள் தாமே தீ மூட்டினார். பூதியார் படுத்தபடியே சொல்லச் சொல்ல, கொள்ளை வேகவைத்துக் கடைந்தார்.

"ரொம்பக் கடைஞ்சு போடாதீங்க. பாதி முழுசாக் கெடக்கோணும். பசிச்சவங்க மென்னு திங்கறதுக்கு ஏதாச்சும் வேணுமில்லீங்களா?"

சாறு கொதித்து மணந்தது. குருக்கள் இறக்கி வைத்தபோது பூதியார் மெல்லக் கேட்டார்.

"சாமி, ஐயாறனாரப் பத்தி ஈசர் ஏதாச்சும் சொன்னாருங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று குருக்களுக்குத் தோன்றியது. அவன் எம்மிடம் வந்து பசியாறிவிட்டான் என்று ஈசர் சொன்னதாகச் சொன்னால், அந்தத் தாய் நிம்மதியாகக் கண் மூடுவார். ஆனால் ஈசர் சொல்லாததை ஈசர் பெயரால் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"இல்லைம்மா. ஒண்ணும் சொல்லலை" என்றார் தலை குனிந்து.

பூதியார் முகத்தில் வருத்தம் வந்தது, கலக்கம் வரவில்லை.

"போகட்டுங்க. நானே போயி ஈசருகிட்டயே கேட்டுக்கறேன். நீங்க சாறு ஆறறதுக்குள்ள எடுத்துட்டுப் போங்க. தொறையில ஆளுங்க காத்துட்டிருப்பாங்க."

குருக்கள் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு துறைக்கு நடந்தார். கடைசிக் கலயம் வார்த்து அவர் திரும்பி வருவதற்குள் பூதியார் கரையீசரின் திருவடி அடைந்திருந்தார்.

தாம் சொன்ன ஒரு சொல்லைத் தமக்கு மன்னிக்காமல், பிறர் சொன்ன சொற்களையெல்லாம் மன்னித்த அந்த அன்னையின் அன்பை என்னவென்று சொல்வது! இறைவனே பசித்துக் காத்திருந்த அடுப்பை நாள்தோறும் மூட்டிய அவர் கைகளை வணங்குவோம்.