நாரை கேட்ட ஒரே கேள்வி

ஒரு காட்டில், மலை இறங்கிவந்து ஏரியைத் தொடும் இடத்தில், மான் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. நல்ல பெரிய கூட்டம். காலையில் தண்ணீர் குடிக்க வந்தால் கரையில் நிற்க இடம் இருக்காது.

அந்தக் காட்டுக்குச் செய்தி சொல்லும் வேலையைப் பார்த்தது யார் தெரியுமா, பிள்ளைகளே? ஓர் ஆட்காட்டிக் குருவி. யாரும் நியமித்ததோ, கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்ததோ இல்லை. ஏரிக்கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே, வெறும் தரையில் முட்டையிடும் பறவை அது. முட்டையைத் தரையில் வைத்திருப்பவர்கள் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டுதானே இருக்க வேண்டும்? பார்த்ததைச் சொல்லியும் வைத்தது.

எந்தச் சரிவில் புதுப் புல் முளைத்திருக்கிறது, எந்தத் துறையில் முதலை கிடக்கிறது என்பதையெல்லாம் குருவி அமைதியாகச் சொல்லும். புலி கிளம்பினால் மட்டும் சொல்லாது, கத்தும். வானத்தில் எழும்பி, "டிட்-டிட்-டுயிட்!" என்று காது கிழியக் கத்தும். மான்கள் குடித்த தண்ணீரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடும்.

இந்தக் கத்தல் சுத்தமாகப் பிடிக்காதவர்களில் முதல் ஆள் தும்பை என்ற பெண்மான். தும்பைக்குப் பொட்டு என்று ஒரு குட்டி இருந்தது. தலைச்சன் பிள்ளை. பொட்டு ஆசையாக மடியில் வாய் வைக்கும் நேரம் பார்த்துத்தான் குருவிக்குத் தொண்டை திறக்கும். குட்டி பதறிக்கொண்டு ஓடும். தாயும் பின்னால் ஓடும். பால் பாதியில் நின்றுபோகும். தும்பைக்கு வயிறு எரியும்.

"ஏன் அக்கா, உனக்கு நல்லதாக ஒன்றும் சொல்லத் தெரியாதா? பிள்ளை பால் குடிக்கும்போதுதான் கத்துவாயா?" என்று ஒருநாள் தும்பை குருவியிடம் சண்டைக்கே போய்விட்டது.

"புலி ஏதாவது நல்லது செய்யட்டும் தங்கச்சி. அதை முதலில் உனக்குத்தான் சொல்வேன்" என்றது குருவி. அதற்கு வாய் கொஞ்சம் துடுக்கு.

தும்பை நேராகக் கொம்பையாவிடம் போனது. கொம்பையா ஒரு கிழட்டுக் கடமான். அந்தக் காட்டுக்குத் தலைவர். அவருக்குக் கொம்பு மிகப் பெரியது. அதைத் தூக்கி நிறுத்துவதிலேயே பாதிப் பலம் போய்விடுவதால், முடிவெடுக்கும் வேலையை எப்போதும் வேறு யாரிடமாவது தள்ளிவிடுவார்.

"இது சாதாரண விஷயம் இல்லை அம்மா. ஆராய்ச்சி செய்துதான் சொல்ல வேண்டும்" என்றார் கொம்பையா.

ஆராய்ச்சி செய்ய ஆளும் இருந்தது. ஊர் ஊராகப் பறந்து பல காடுகளைப் பார்த்த நாரை அது. ஏரியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கண்ணைப் பாதி மூடியிருக்கும். பெரிதாக ஏதோ யோசிக்கிறது என்று மான்கள் மரியாதையோடு ஒதுங்கிப் போகும். அது எதற்காக நிற்கிறது என்பது மீன்களுக்கு மட்டும் தெரியும்.

"செய்தி சொல்வதால் காட்டுக்கு நன்மையா, தீமையா? அருமையான தலைப்பு. இதுவரை யாரும் தொடாதது" என்று நாரை சிறகை விரித்தது. முதலில் இந்தக் கரையில் விசாரித்துவிட்டுக் கடலோரக் காட்டுக்குப் போனது. மேட்டுநிலக் காட்டுக்குப் போனது. ஆற்றுக்கு அப்பால் இருந்த காட்டுக்கும் போனது. இரண்டு மாதத்துக்குள் திரும்பி வந்தது. அதற்குள் குருவி புதிதாக முட்டையிட்டிருந்தது. பொட்டுவும் பால் மறக்காத குட்டியாகவே இருந்தது.

கூட்டம் கூடியது. நாரை ஒரு கல்லின் மேல் ஏறி நின்றது.

"எல்லாக் காட்டிலும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். 'புலியால் உங்களுக்கு ஏதாவது தொல்லை உண்டா?' செய்தி சொல்லும் குருவி இருக்கிற காடுகளில் எல்லோரும் என்னிடம் அழுதார்கள். நேற்றுத் துரத்தியது, முந்தாநாள் துரத்தியது, தப்பித்ததே பெரிய காரியம் என்று ஒரே புலம்பல். ஆற்றுக்கு அப்பால் உள்ள காட்டில் குருவியே கிடையாது. அங்கேயும் கேட்டேன். ஒரு மான்கூட, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரே ஒரு மான்கூட புலி தன்னைப் பிடித்துத் தின்றுவிட்டதாகச் சொல்லவில்லை!"

மான்கள் காதை நிமிர்த்தின.

"அது பெரிய கூட்டமா ஐயா?" என்று கேட்டது குருவி.

"சின்னக் கூட்டம்தான். ஆனால் அமைதியான கூட்டம். ஆளுக்கு எவ்வளவு புல் கிடைக்கிறது தெரியுமா!"

"ஏன் சின்னதாக இருக்கிறது?"

"அது என் கேள்வியில் இல்லை" என்றது நாரை, சற்றே எரிச்சலோடு.

கொம்பையா தொண்டையைக் கனைத்தார். "ஒரு பக்கத்தை மட்டும் கேட்பது நியாயம் இல்லையே. புலியைக் கேட்டீர்களா?"

"கேட்காமல் விடுவேனா? மரத்து உச்சியில் உட்கார்ந்து கேட்டேன். எவ்வளவு மரியாதையாகப் பேசினார் தெரியுமா! 'இந்தக் கூச்சல் மட்டும் இல்லாவிட்டால் நானும் நிம்மதியாகச் சாப்பிடுவேன்' என்றார். மானும் புலியும் ஒத்துப்போகிற விஷயத்தை என் ஆயுளில் இப்போதுதான் பார்க்கிறேன். ஆகவே, குருவி கத்துவதால்தான் புலித்தொல்லை வருகிறது என்பது என் முடிவு."

"சரி என்பவர்கள் காலைத் தட்டுங்கள்" என்றார் கொம்பையா.

முதலில் தட்டியது தும்பையின் கால். ஓங்கித் தட்டியது. பிறகு கரை முழுக்கக் குளம்புச் சத்தம்.

குருவி இனிமேல் புல்லைப் பற்றிச் சொல்லலாம், பழத்தைப் பற்றிச் சொல்லலாம், புலியைப் பற்றி மூச்சு விடக் கூடாது. மீறினால் ஏரியை விட்டே போய்விட வேண்டும். இதுதான் தீர்ப்பு. குருவி தன் முட்டைகளைப் பார்த்தது. அவற்றைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? வாயை மூடிக்கொண்டு அடைகாக்கப் போய்விட்டது.

பிறகு அந்தக் காட்டில் நிலவிய அமைதியைச் சொல்லி முடியாது. பொட்டு வயிறு முட்டப் பால் குடித்தது. தும்பைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலையில் குருவி, "தெற்குச் சரிவில் அறுகம்புல் நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். எல்லோரும் தலையாட்டிக்கொண்டு மேயப் போவார்கள்.

தும்பைக்கு ஒரு தங்கை உண்டு. ஆவாரை என்று பெயர். அக்காளும் தங்கையும் ஒன்றாகத்தான் மேய்வார்கள். கொஞ்ச நாளாக ஆவாரையைக் காணவில்லை. மேட்டுப் புல்லைத் தேடிப் போயிருப்பாள் என்று தும்பை நினைத்துக்கொண்டது. ஆனாலும் மனசு கேட்காமல் குருவியிடம் போய் விசாரித்தது.

"புல் எங்கே என்று கேள், சொல்கிறேன். வேறு எதையும் கேட்காதே. எனக்கு முட்டை இருக்கிறது" என்று குருவி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த நேரத்தில் நாரை மறுபடியும் வந்து இறங்கியது. தன் ஆராய்ச்சியால் காடு எவ்வளவு சுகப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அதே கேள்வியோடு ஒவ்வொரு மானாகப் பார்த்துவிட்டுத் தும்பையிடம் வந்தது.

"புலியால் உங்களுக்கு ஏதாவது தொல்லை உண்டா அம்மா?"

"ஒரு தொல்லையும் இல்லை ஐயா."

"எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்! ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை."

"என் தங்கை ஆவாரை என்ன சொன்னாள்?"

"ஆவாரையா? தேடினேன், கிடைக்கவில்லை."

"அவளோடு திரிவாரே ஒற்றைக்கொம்பன் மாமா?"

"அவரும் கிடைக்கவில்லை. பதில் சொல்லாதவர்களை நான் சேர்ப்பதில்லை அம்மா, ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். போன தடவை இந்தக் கரையில் நிற்க இடமில்லாமல் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு கேட்டேன். இப்போது எவ்வளவு வசதியாக இருக்கிறது! வேலை சட்டென்று முடிந்துவிட்டது."

தும்பை நிமிர்ந்து கரையைப் பார்த்தது. இத்தனை நாளும் தினம் பார்த்த கரைதான். ஆனால் இன்றுதான் அது கண்ணில் பட்டது. இங்கே ஒரு மான், அங்கே ஒரு மான். நடுவில் எல்லாம் வெறும் மணல்.

ஆவாரை மேட்டுக்குப் போகவில்லை. முதலில் காலைத் தட்டியது யார் என்பது நினைவுக்கு வந்தபோது, அந்தக் காலை ஊன்றி நிற்கவே கூசியது. ஐயோ, என் தங்கச்சியை நானே புலிக்குக் கொடுத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டது.

அடுத்த நினைப்பு குட்டியைப் பற்றி. பொட்டு எங்கே?

பொட்டு நீர் ஓரத்தில் தனியாக நின்று தன் நிழலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கோரைப்புல் அசைந்தது. காற்றே இல்லை. குருவியும் பார்த்துவிட்டது. அது முட்டைமேல் உட்கார்ந்தபடியே அலகைத் திறந்தது, மூடியது, தும்பையைப் பார்த்தது.

தும்பை காலை ஓங்கி மண்ணில் தட்டியது. "கத்து அக்கா! உன்னை யார் துரத்துகிறார்கள் என்று நான் பார்க்கிறேன்! கத்து!"

"டிட்-டிட்-டுயிட்!"

பொட்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால் குடிக்கும்போதெல்லாம் பதறி ஓடிப் பழகிய கால்கள் அல்லவா? குரல் கேட்டதுமே அவை கிளம்பிவிட்டன. கோரையிலிருந்து பாய்ந்த புலியின் நகம் குட்டியின் வாலை உரசியது. அவ்வளவுதான். வாய் நிறையச் சேற்றோடு எழுந்த புலி, எல்லோரையும் ஒருமுறை முறைத்தது. குருவியைக் கூடுதலாக ஒருமுறை முறைத்துவிட்டுக் காட்டுக்குள் போனது.

புலி போனது உறுதியான பிறகு, நாரை மரத்திலிருந்து கீழே இறங்கியது. கொம்பையாவும் கொம்பைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். நாரை நேராகப் பொட்டுவிடம் போனது.

"தம்பி, புலியால் உனக்கு ஏதாவது தொல்லை உண்டா?"

"உண்டு!" என்று பொட்டு அழுதது. "துரத்தியது! வாலைப் பிடித்தது! ரொம்ப வலிக்கிறது!"

நாரையின் முகம் மலர்ந்தது. "கேட்டீர்களா தலைவரே? இத்தனை நாளாக ஒரு புகார் இல்லை. குருவி வாயைத் திறந்தது, உடனே புகார் வந்துவிட்டது. நான் அப்போதே சொன்னேன்."

"ஆமாம், அப்படியென்றால் குருவியை..." என்று ஆரம்பித்தார் கொம்பையா.

குட்டியின் வாலை நக்கிக்கொண்டிருந்த தும்பை தலையைத் தூக்கியது.

"ஐயா, புகார் சொல்ல என் பிள்ளை இருக்கிறான். ஆவாரை இருந்திருந்தால் அவளும் சொல்லியிருப்பாள்."

கொம்பையா கொம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். நாரை ஒரு காலை மடக்கிக்கொண்டு மற்றக் காலில் நின்றது.

குருவி ஏரியை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலையில் பொட்டு தாயின் மடியில் வாய் வைத்தது. உடனே குருவி கத்தியது. தும்பை ஒரு வார்த்தை பேசாமல் குட்டியை முன்னே விட்டு ஓடியது. பால் பாதியில் நின்றுபோனது.

நீதி: செய்தி சொல்பவரின் வாயை அடைத்தால் ஆபத்து குறையாது; அதைப் பற்றிப் புகார் சொல்ல இருக்கும் ஆள்தான் குறையும்.