அதே கண்ணியில் மறுபடியும்

முன்பொரு குளிர்காலத்தில், கோத்தகிரியில் ஒரு வீட்டுக்கு ஒரு குரோஷா ஊசியும் ஒரு நீல நிற நூல்கண்டும் ஒரே பையில் வந்து சேர்ந்தன. ஊசிக்கு முனையில் சின்னதாக ஒரு கொக்கி இருந்தது. பொறுமை மட்டும் இல்லை. நூல்கண்டு சாது, யார் எந்தப் பக்கம் இழுத்தாலும் உருண்டு கொடுக்கும்.

அவற்றை வாங்கி வந்தவள் கற்பகம். ஆவணியில்தான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்திருந்தாள். கணவன் தாமோதரன் தேயிலைத் தொழிற்சாலை லாரி ஓட்டுபவன். வாரத்தில் பாதி நாள் மேட்டுப்பாளையம், கோவை என்று மலைக்குக் கீழேதான் இருப்பான். அவனுடைய முதல் மனைவி லலிதா காய்ச்சலில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. லலிதாவின் மகள் தாரிணி நான்காம் வகுப்பு படித்தாள்.

தாரிணிக்குக் காலைப் பனி ஆகாது. பள்ளி பஸ்ஸுக்கு நின்றாலே காதுவலி வந்துவிடும். கடைத் தொப்பி அரிக்கிறது என்று கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். மெத்தென்ற நூலில் கையாலேயே ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தால் போட்டுக்கொள்வாள், அப்படியே தன்னோடு நாலு வார்த்தை பேசவும் செய்வாள் என்று கற்பகம் நினைத்தாள்.

ஏனென்றால் தாரிணி அவளோடு பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். எந்த முறை சொல்லியும் அவளைக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள்.

வந்த புதிதில் ஒருநாள் தட்டில் விழுந்த தோசையைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா ஓரத்தை முறுகலா விடுவாங்க" என்றாள். கற்பகம் அதை எடுத்துவிட்டு வேறு தோசை ஊற்றினாள். "இனிமே நான்தான் உனக்கு அம்மா. பழசை நினைச்சு மனசைக் கஷ்டப்படுத்திக்கக் கூடாது, என்ன?" என்று தலையைத் தடவினாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். தாரிணி அந்தத் தோசையைத் தின்றுவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு லலிதாவின் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

கற்பகம் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு பின்ன உட்கார்ந்தாள். நடுவில் ஒரு சின்ன வளையம். அதைச் சுற்றிக் கண்ணிகள். கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் அதன் மேல் ஒரு புதிய பின்னல் வந்து உட்காரும். அதுவரைக்கும் சரியாகத்தான் வந்தது. அடுத்த சுற்றும் போட்டாள், அதற்கடுத்ததும் போட்டாள். வட்டம் விரியவில்லை. குழாய் மாதிரி மேலே எழும்பியது. போட்டுப் பார்த்தால் கட்டைவிரலுக்குக் கச்சிதமாக இருந்தது.

"இந்த வீட்டில் கட்டைவிரலுக்குக் காதுவலியா?" என்றது ஊசி.

"புதுசு. கற்றுக்கொள்வாள்" என்றது நூல்கண்டு.

மனிதர்கள் காதுக்கு இந்தப் பேச்சு எட்டாது. கற்பகம் வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். வட்டம் விரிய வேண்டுமானால் கண்ணிகளைக் கூட்ட வேண்டும் என்று அதில் பின்னிக் காட்டிய பெண் சொன்னாள். "ஒரு தடவை போட்டாச்சா? இப்ப அதே கண்ணியில மறுபடியும் போடுங்க. அவ்வளவுதான், ரொம்ப ஈஸி."

கற்பகம் கண்ணிக்குள் ஒரு பின்னல் போட்டாள். பிறகு மறுபடியும் போடச் சொல்கிறாளே என்று, போட்டதை உருவிவிட்டு அதே இடத்தில் திரும்பப் போட்டாள். முதலில் போட்டது சரியில்லை போலிருக்கிறது, இரண்டாவது தடவை போட்டால்தான் நிற்கும் போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கண்ணியிலும் போட்டாள், உருவினாள், திரும்பப் போட்டாள். சுற்று முடிந்தபோது எத்தனை கண்ணிகள் இருந்தனவோ அத்தனையே இருந்தன. மறுபடியும் குழாய்.

"அதே கண்ணியிலதானே போட்டேன்" என்று போனைப் பார்த்துக் கேட்டாள்.

"ரொம்ப ஈஸி" என்றது போன்.

இப்படியே ஒரு வாரம் ஓடியது. பின்னுவதும் பிரிப்பதுமாக நூலில் பஞ்சு கிளம்பிவிட்டது. தாமோதரன் சாப்பிட உட்கார்ந்தவன் நாற்காலியிலிருந்து நூலை எடுத்து ஓரமாக வைத்தான். "ஊட்டி மார்க்கெட்ல தொப்பியை மலை மாதிரி குவிச்சு வச்சிருக்கான். வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வரவா?"

"வேண்டாம்."

"இல்ல, நீ கஷ்டப்படறியேன்னு..."

"வேண்டாம்னு சொல்றேன் இல்ல?"

அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

ஊசிக்குப் பொறுக்கவில்லை. வட்டத்தின் நடுவிலிருந்த முதல் கண்ணியிடம் சண்டைக்குப் போனது. "எல்லாம் உன்னால்தான். ஒரு பின்னலை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறாய். இரண்டாவது வந்தால் என்ன குறைந்துவிடும்?"

"நானா சாத்துகிறேன்?" என்றது கண்ணி. அதற்கும் எரிச்சல் தலைக்கேறியிருந்தது. "ஒருத்தி வந்து உட்காருகிறாள். சரி என்று நானும் இறுகிப் பிடிக்கிறேன். உடனே அவளைப் பிடித்து இழுத்து வெளியே போட்டுவிட்டு, அதே இடத்தில் இன்னொருத்தியைக் கொண்டுவந்து திணிக்கிறாய். நான் யாரைப் பிடித்துக்கொள்வது? பிடித்தவளையெல்லாம் உருவிக்கொண்டே இருந்தால் பிடிக்கவே தோன்றாது."

"உருவுவது நானில்லை. அவள் கை" என்றது ஊசி.

"இரண்டு பேருக்கு உன்னிடம் இடம் இருக்கிறதா?" என்று நூல்கண்டு மெதுவாகக் கேட்டது.

"அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை" என்றது கண்ணி.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. தாரிணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலில் கற்பகம் போட்டுக்கொண்டும் உருவிக்கொண்டும் இருந்தாள். போன் அதே இடத்தில் அதையே சொன்னது. அவள் பின்னால் தள்ளினாள். திரும்பவும் சொன்னது. கடைசியில் நூல் ஒரு முடிச்சில் சிக்கி வர மறுத்தபோது, கற்பகம் ஊசியை வீசிவிட்டாள். அது சுவரில் பட்டு பீரோவுக்கு அடியில் போய் விழுந்தது.

"எனக்கு வராது. எதுவுமே வராது இந்த வீட்டுல" என்று முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

பீரோவுக்கு அடியில் தூசியோடு கிடந்த ஊசி, முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தது.

தாரிணி எழுந்தாள். குப்புறப் படுத்துக் கையை விட்டு ஊசியை எடுத்தாள். பாவாடையில் துடைத்துவிட்டு வந்து கற்பகத்தின் பக்கத்தில் நின்றாள். வழக்கம்போல் நின்றுகொண்டே இருப்பாள் என்றுதான் கற்பகம் நினைத்தாள்.

"மறுபடியும்னா, எடுத்துட்டுப் போடறது இல்ல" என்றாள் தாரிணி.

"பின்னே?"

"இன்னொண்ணு போடறது. முதல்ல போட்டது அங்கேயே இருக்கணும்."

"ஒரே ஓட்டைக்குள்ள ரெண்டு எப்படிம்மா? அதுதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

"இருக்கட்டும்."

"நெருக்கிப் பிஞ்சிடாதா?"

"பிய்யாது. அந்தக்கா வீடியோல காட்டறாங்க, நான் எத்தனை தடவை பார்த்துட்டேன். நீங்கதான் எடுத்துடறீங்க." தாரிணியின் குரல் கிறீச்சிட்டது. "அது பாட்டுக்கு இருக்கு. அதை எதுக்கு எடுக்கறீங்க? ஒவ்வொரு தடவையும் எதுக்கு எடுத்துடறீங்க?"

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஒரு நூல் சுற்றுக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள் என்பது கற்பகத்துக்குப் புரிந்தது. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஊசியை வாங்கிக்கொண்டாள். கண்ணிக்குள் ஒரு பின்னல் போட்டாள். அதைத் தொடவில்லை. அதே கண்ணிக்குள் ஊசியை மறுபடி விட்டாள். கண்ணி கொஞ்சம் முரண்டு பிடித்தது, கொஞ்சம் நெகிழ்ந்தது. நூல் உள்ளே போய் வெளியே வந்தது. முதல் பின்னல் இருந்த இடத்திலேயே இருக்க, அதற்குப் பக்கத்தில் இரண்டாவது உட்கார்ந்தது.

"இப்படியா?" என்று கேட்டாள்.

தாரிணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினாள்.

அந்தச் சுற்று முடிந்தபோது வட்டம் முதல் தடவையாகத் தட்டையாகப் படுத்தது. ஒரு அப்பளப்பூ அளவுதான். கற்பகம் அதைத் தாரிணியின் உச்சியில் வைத்துப் பார்த்தாள். முடிக்குத் தக்க அளவு எடுக்க வேண்டுமே என்று யோசித்தவள், "உங்கம்மா உனக்கு எப்படித் தலை பின்னுவாங்க?" என்று கேட்டாள்.

தாரிணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ரெட்டைச் சடை. ஆனா மேல தூக்கிக் கட்ட மாட்டாங்க. காதுக்குப் பின்னாடி தாழ விடுவாங்க. லீவு நாள்ல மட்டும் ஒத்தைச் சடை. அப்புறம் எண்ணெய் வைக்கும்போது கதை சொல்லுவாங்க, பாதியில தூங்கிடுவாங்க." மூச்சு விடாமல் சொன்னாள். கற்பகம் பின்னிக்கொண்டே கேட்டாள், நடுவில் மறிக்கவில்லை.

தொப்பி அன்றைக்கு முடிந்துவிடவில்லை. வித்தை பிடிபட்ட உற்சாகத்தில் கற்பகம் அடுத்தடுத்த சுற்றுகளில் கண்ட கண்ணியிலெல்லாம் இரண்டு, மூன்று என்று போட்டுத் தள்ளினாள். வட்டம் முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு சுருண்டு அலையடித்தது.

"கடவுளே, இப்போது இதுவா" என்றது ஊசி.

தாரிணியும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ சித்தி, எல்லாத்துலயும் போடாதீங்க. விட்டு விட்டுப் போடுங்க."

சித்தி என்று அந்த வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. கற்பகம் அதைத் திருத்தவில்லை. "சரி, எதுவரைக்கும் பிரிக்கணும், நீயே காட்டு" என்று அவளிடம் நீட்டினாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, பனி இறங்கிய சாலையில் தாரிணி நீலத் தொப்பியோடு நின்றாள். காது இரண்டும் மூடியிருந்தன. ஒரு பக்கம் சற்றுக் கோணல். தொப்பிக்குக் கீழே இரண்டு சடைகள் காதுக்குப் பின்னால் தாழத் தொங்கின.

அவளுக்கு ஸ்வெட்டர் பின்னலாம் என்று கற்பகம் புதிய நூல் வாங்கி வந்திருந்தாள். அதனால் ஊசிக்கு ஓய்வில்லை. அதற்கும் ஒரு புலம்பல் இருந்தது. அன்று மாலை தொப்பி கட்டிலில் கிடந்தபோது, ஊசி அதன் உச்சியிலிருந்த முதல் கண்ணியிடம் போய், "உன்னைப் படுத்தியது போதாதென்று இப்போது ஸ்வெட்டராம். அது கிடக்கட்டும், நீ எப்படி இருக்கிறாய்? இரண்டு பேரை வைத்துக்கொண்டு இறுக்கமாக இல்லையா?" என்று கேட்டது.

"இறுக்கமாகத்தான் இருக்கிறது" என்றது கண்ணி. "ஆனால் யாரும் வெளியே இல்லை."