பஞ்சுக்குள் பதிவான பாட்டு

தேனியில் மெத்தைக்குப் பஞ்சு அடைக்கும் வீராயி, மே தினப் பாட்டுத் தொகுப்புக்கு ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். பாட்டைத் தேர்ந்தெடுப்பவரோ ஒலிப்பதிவுக்கூட முதலாளி தில்லைநாயகம். உழைப்பவன் வியர்வையைப் பாட்டில் மட்டும் ரசிக்கிற மனிதர்.

“முப்பது லட்சத்துல, வெளிச்சத்தம் புகாத அறை கட்டியிருக்கேன். அந்த அமைதி இல்லாத பதிவு எதையும் சேர்க்கமாட்டேன். வாடகை கட்ட உன்னால முடியுமாம்மா?”

“அமைதியோடவே கொண்டாரேன், ஐயா.”

ஆயிரத்து இருநூறு ரூபாய் மைக்கைச் செல்போனில் செருகி, இலவச ஒலிப்பதிவுச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டாள். பஞ்சுக் கிடங்கில் மெத்தைகளைச் சுற்றிலும் நிறுத்தி நடுவே உட்கார்ந்தாள். லாரிச் சத்தம் எங்கோ கரைந்துபோனது. மேகத்துக்குள் மிதந்தபடி பாடுவதுபோல் இருந்தது.

தேர்வு நாளில், கூட்டத்தின் நடுவே தில்லைநாயகம் கண்மூடிக் கேட்டார். பாதியில் துள்ளி எழுந்தார்.

“இது என் அறையில பதிஞ்சது! இந்த அமைதி வேற எங்க இருக்கு? எவன்டா இவளுக்குப் பூட்டைத் திறந்துவிட்டது?”

“கடைசிவரைக்கும் கேளுங்க, ஐயா.”

பாட்டு முடிந்ததும் பதிவில் ஓர் ஆண்குரல் வந்தது: “அக்கா, மெத்தையை விட்டு வெளிய வா! லாரியில ஏத்தணும்!”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

“அந்த இடத்தை மட்டும் வெட்டிடட்டுங்களா, ஐயா?” என்று பணிவாகக் கேட்டாள் வீராயி.

“வெட்டாதே!” என்று கத்தியது கூட்டம். பாட்டு அந்தக் குரலோடுதான் தொகுப்பில் ஏறியது.