ஆமை சொன்ன ஐதீகம்

ஆமையும் மனிதனும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், ஒரு கடலாமை கரையில் குழி தோண்டி நூறு முட்டைகள் இட்டது. மணலைப் போட்டு மூடிவிட்டு நிமிர்ந்தால், கரைவலை இழுக்கிற இருபது பேர் கயிறும் கையுமாக வருகிறார்கள். கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? குதிகாலை மணலில் கணுக்கால்வரை புதைத்துப் புதைத்து இழுப்பார்கள். அந்தக் குதிகால்கள் முட்டைக் குழியை நோக்கியே வந்தன.

“இங்க மிதிக்காதீங்க!” என்று ஆமை கத்தியது.

“ஏன்?” என்றான் வலைக்காரன் சாத்தையா.

முட்டை இருக்கிறது என்றால் தோண்டித் தின்றுவிடுவார்களே! ஆமை வாய்க்கு வந்ததைச் சொன்னது. “மிதிச்சா கடல் மீன் தராது.”

“யாரு சொன்னா?”

நான்தான் என்றால் சிரிப்பான். கடல் சொன்னது என்றால் கடலிடமே கேட்பான். அந்தக் காலத்தில் அதுவும் பேசும். கடைசியில் ஆமை இப்படிச் சொல்லிவைத்தது:

“யாருன்னு தெரியாது. ரொம்ப நாளா சொல்றாங்க. ஐதீகம்.”

சாத்தையா கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினான். ஆள் தெரிந்தால் சண்டைக்குப் போகலாம். ஆளே இல்லாத சொல்லோடு யார் மல்லுக்கட்டுவது?

கயிறு பிடிக்க வந்த உடையாள் சொன்னாள்: “பொய்யாவே இருக்கட்டும், அண்ணே. பத்து எட்டு தள்ளி நின்னா நமக்கென்ன குறைஞ்சா போயிரும்? நெசமா இருந்துட்டா?”

“எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது” என்று முணுமுணுத்த சாத்தையாதான் முதல் ஆளாகத் தள்ளி நின்றான்.

வலை வெறுமையாக வந்தால் கோபத்தில் திரும்பிவந்து மிதிப்பார்களே என்று ஆமை பயந்தது. நல்ல வேளை, மீன் என்றைக்கும்போல வந்தது. உடையாள் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு மஞ்சள் துணி கட்டினாள். மறுநாள் வந்த வேற்றூர்க்காரர்கள் ஏன் என்று கேட்டார்கள். “ஐதீகம்” என்றான் சாத்தையா, பிறந்ததிலிருந்து தெரிந்தவன்போல.

ஆமை மட்டும் தவித்தது. குஞ்சு பொரியும்வரை காத்திருக்க அதற்கு ஆசை. ஆனால் அங்கேயே நின்றால், இது ஏன் இங்கே நிற்கிறது என்று எவனாவது யோசிப்பான், யோசித்தால் தோண்டுவான். கண்ணீர் வழிய, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது.

ஐதீகம் என்று சொல்லிவிட்டால் யார் சொன்னது என்று நாம் கேட்பதில்லையே, அது அன்றைக்கு வந்த பழக்கம். முட்டையிட்ட ஆமை தன் பிள்ளைகளின் முகத்தை ஒருநாளும் பார்க்காததும் அன்றிலிருந்துதான்.