ஒரு ஜோடிப் பழைய ஸ்பீக்கர்

“ஏம்மா, நல்லதை எப்படிக் கண்டுபுடிக்கறது?”

வேலாயுதசாமி கேட்டார். நிலோஃபர் பற்றவைத்துக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

உக்கடத்தில் பழைய சாமான் கடைகளுக்குப் பின்னால் அவள் கடை. பழைய ஆம்ப்ளிஃபையர்களையும் ஸ்பீக்கர்களையும் வாங்கி, சரிசெய்து விற்கிறாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவருக்கு அறுபத்தொன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரே ஆசைதான். வீட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டைப் பாட்டாகக் கேட்க வேண்டும். புதிதாக வாங்க பென்ஷன் இடம் கொடுக்கவில்லை. ஐந்து மாதமாகப் பழையதைத் தேடினார். செல்போனில் விளம்பரம் பார்த்து நான்கு செட் வாங்கினார்.

ஒன்றில் ஓயாத இரைச்சல். ஒன்று பத்து நிமிஷத்தில் சூடாகி நின்றுவிடும். ஒன்று வாயே திறக்கவில்லை. நான்காவது பாடியது. ஆனால் பாடகர்கள் எல்லோரும் ஒரு தகர டப்பாவுக்குள் நெருக்கி உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது.

அரிசி டிரம் வைக்க இடமில்லை என்று அவர் மனைவி மயிலாத்தாள் சொல்லிவிட்டாள்.

யாரோ சொல்லித்தான் நிலோஃபரிடம் வந்தார். ஒன்றை விற்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார்.

அவள் அலமாரியில் இருந்த ஓர் ஆம்ப்ளிஃபையரைக் காட்டி, தூக்கிப் பார்க்கச் சொன்னாள்.

தூக்கினார். தோள்பட்டை வரை இழுத்தது.

“கனமா இருக்குதும்மா.”

“உள்ள டிரான்ஸ்ஃபார்மர் பெருசுங்க சார். செம்புக் கம்பில கஞ்சத்தனம் பண்ணல.”

அவ்வளவுதான் அன்றைய பாடம். சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டில், ‘கனமானதே நல்லது’ என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சந்தையில் தேடித் தேடிக் கனமான ஒன்றை வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேராக அவளிடம் வந்தார். முகத்தில் பெருமை. அவள் நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள்.

உள்ளே அடித்தட்டில் சிமெண்ட் பாளம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியும் செய்வார்களா என்று மெல்லக் கேட்டார். வருஷத்துக்கு இரண்டு மூன்று வரும் என்றாள்.

“அப்ப கனம் பாக்கக் கூடாதா?”

“பாக்கணுங்க. தெறந்தும் பாக்கணும்.”

நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, ‘திறந்து பார்’ என்று எழுதினார்.

அதற்கடுத்த வாரம் மூடி கழற்றிய இரண்டை அவர்முன் வைத்தாள். ஒன்று உள்ளே துடைத்துவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. மற்றதில் தூசியும் சிலந்திக்கூடும். எது வேண்டும் என்று கேட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் பளிச்சென்றதைத் தொட்டார்.

அவள் அதைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் எங்கு பார்த்தாலும் புது ஈயப் பற்று. மூன்று மெக்கானிக்குகளாவது கைவைத்திருப்பார்கள். தூசி படிந்ததில் ஒரு பற்றுகூடப் புதிது இல்லை. கம்பெனியில் மூடிய பிறகு யாருமே அதைத் திறக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவர் நோட்டை எடுத்து வரவில்லை.

ஆனால் வருவதை நிறுத்தவில்லை. அவள் கை எங்கே போகிறது, எதைத் தட்டுகிறாள், எதை முகர்ந்து பார்க்கிறாள் என்று ஸ்டூலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். எதற்கு முகர்கிறாள் என்று ஒருநாள் கேட்டார். கருகிய வாசனை பத்து வருஷமானாலும் போகாது என்றாள்.

ஒருநாள் காலையில் அவளே போன் செய்து கூப்பிட்டாள். ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு வீட்டைக் காலிசெய்கிறார்கள், வாருங்கள் என்றாள்.

வீட்டுக்காரர் பெயர் ஜெரால்டு. தேயிலைக் கம்பெனியில் இருந்தவர், மகளோடு இருக்கப் பெங்களூர் போகிறார். ஹாலில் நெஞ்சுயரத்துக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர், நீல விளக்கு எரியும் ஆம்ப்ளிஃபையர். வராந்தா மூலையில் இரண்டு சின்ன மரப்பெட்டிகள். முன்பக்கத் துணி கிழிந்திருந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூந்தொட்டி. நடுவில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர். அதுவும் பாடும் என்றுதான் நினைக்கிறேன் என்றார் ஜெரால்டு.

வேலாயுதசாமி செல்போனை எடுத்து, போட்டுப் பார்க்க ஒரு பாட்டைத் தேடினார். நிலோஃபர் அந்த போனின் மேல் கையை வைத்தாள்.

“பாட்டு வேண்டாங்க. ஸ்விட்ச மட்டும் போடுங்க.”

“அப்பறம் எதைக் கேக்கறது?”

அவள் ஸ்பீக்கரின் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

ஹாலில் இருந்ததைப் போட்டார். நீல விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் காதை வைத்தார். ரொம்ப அடியில், மெல்லிசாக, ஓர் உறுமல். அது அவருக்குத் தெரிந்த சத்தம். கெட்டுப்போன லைன்களில் அதைக் கேட்டுக் கேட்டே முப்பத்துமூன்று வருஷம் போயிருக்கிறது. உறுமுது என்றார்.

நிலோஃபர் குனிந்து காதை வைத்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்தாள்.

“எனக்கு இப்பத்தாங்க கேக்குது,” என்றாள்.

வராந்தாவுக்கு வந்து தொட்டிகளை இறக்கினார்கள். ஸ்விட்சைப் போட்டு, சின்னப் பெட்டியில் காதை வைத்தார். ஒன்றுமே இல்லை. விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தார். அப்போதும் ஒன்றுமில்லை. உள்ளறையில் கடிகாரம் ஓடுவது கேட்டது. ஜெரால்டு செய்தித்தாளை மடிப்பது கேட்டது. அவர் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

“இதுதாம்மா.”

நிலோஃபர் ஜெரால்டிடம் போய், நீங்கள் சொல்லும் விலை குறைவு, இந்தப் பெட்டிகள் அதைவிட அதிகம் பெறும் என்று சொல்லிவிட்டாள். வேலாயுதசாமி சட்டைப் பையில் இருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஜெரால்டு சிரித்தார். இரண்டு தொட்டிகளுக்கும் தினம் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தால் அதே விலைதான் என்றார்.

பெட்டிகளுக்குள் ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றி உதிர்ந்துபோயிருந்த ஃபோம் வளையங்களை மாற்றி, ஒரு வாரத்தில் அவள் கொடுத்தாள்.

வீட்டில் முதல் பாட்டு ஓடியபோது வேலாயுதசாமிக்குக் கண் கலங்கியது. பாடியவள் எதிரே வந்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள், வலப்பக்கம் மங்கலாக இருப்பதைக் கவனித்தார். வயர்களை மாற்றிப் போட்டார். வலப்பக்கம்தான் மங்கல். பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தார். அப்போதும் வலப்பக்கம்தான்.

எதையோ நினைத்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இப்போது மற்றப் பெட்டி மங்கியது.

பாட்டு முடியும் வரை அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மெல்லிய, உச்சத்துச் சத்தங்கள் வலது காதில் பாதிக்கு மேல் போய்விட்டன என்றார் டாக்டர். போனது வராது. இடது காதும் மெதுவாக அந்த வழியில்தான் போகும்.

மறுநாள் நிலோஃபரின் கடைக்குப் போனார். ஸ்டூலில் உட்காரவில்லை.

“நல்லதைக் கண்டுபுடிக்கச் சொல்லிக் குடுத்தே. கண்டுபுடிச்சாச்சு. இப்பக் காது போகுது. இதுக்கு என்னம்மா வாங்கறது?”

அவள் ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். அவரோடு கிளம்பினாள்.

வீட்டுக்குள் வந்து பெட்டிகளை அவள் பார்க்கவே இல்லை. எதிரே கிடந்த நாற்காலியைப் பார்த்தாள்.

“ஒரு சேருதானுங்களா?”

அவருக்குப் புரியவில்லை. அவளே சமையலறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, அவருடையதற்கு இடப்பக்கம், ஒட்டிப் போட்டாள். பின்னாலேயே மயிலாத்தாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றாள். எதுவும் தெரிய வேண்டாங்கக்கா, உட்காருங்க என்றாள் நிலோஃபர்.

பாட்டைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் அவள் செருப்பை மாட்டினாள்.

வேலாயுதசாமி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மயிலாத்தாள் மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். இரண்டு வரி போயிற்று.

“ஏனுங்க,” என்று அவர் பக்கம் சாய்ந்தாள். “பின்னால ஆரோ சலங்கையாட்டம் ஆட்டறாங்களே, உங்களுக்குக் கேக்குதுங்களா?”

“இல்லையே. எப்ப?”

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். காத்திருந்தாள். பிறகு ஒரு விரலால் மெல்லத் தட்டினாள்.

“இப்ப,” என்றாள். “இப்ப.”