சந்திப்புக் கேமரா சொன்ன சாட்சி

ஒருவழிப் பாதைக்குள் எதிர்த்திசையில் நுழைந்ததாகப் புதுக் கேமராவில் பதிவானதால், ஷேர் ஆட்டோ ஓட்டும் மரியபுஷ்பத்தை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் தணிகைவேல்.

"நுழையாதேன்னு போர்டு இருக்கே, கண்ணு தெரியலையா? வண்டி இனி இங்கேதான்!"

வண்டி போனால் பிழைப்பே போச்சு. ஆனாலும் அவள் பணிவாகவே கேட்டாள்.

"கேமரா பொய் சொல்லுமாய்யா?"

"ஒருநாளும் சொல்லாது."

"அப்ப அந்தப் போர்டைக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுங்கய்யா."

ரைட்டர் படத்தைப் பெரிதாக்கினார். போர்டை முழுசாக மறைத்துக்கொண்டு ஒரு பேனர் தொங்கியது. கேமராவைத் திறந்துவைக்க வந்த தணிகைவேலே அதில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே 'வருக வருக' என்று கொட்டை எழுத்து.

"ஐயாவே கும்பிட்டுக் கூப்பிடுறப்போ, நுழையாம போனா மரியாதையா இருக்குமாய்யா?"

ரைட்டர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். "போம்மா, போ. வண்டியை எடுத்துட்டுப் போ" என்றார் இன்ஸ்பெக்டர். சாயங்காலமே ஏணியோடு ஆள் அனுப்பித் தம் சிரித்த முகத்தைக் கீழே இறக்கச் சொன்னார்.